பம்ப் பாவிப்பவர்கள் கூடவே எடுக்கும் மருந்துகளில் எதைக் கவனிக்க வேண்டும்

“அம்மா, வேற என்ன மருந்து எடுக்கிறியள்?”

“பிறெசருக்கும் சீனிக்கும் குளிசை போடுறன் பிள்ளை. வேற ஒண்டும் இல்லை.”

காசு எடுக்கப் பையைத் திறக்கும்போது உள்ளே நீலப் பம்ப் கிடக்கும். பாமசியில் மருந்து கொடுக்கும் வேலையில் இருப்பதால் இதை நான் ஓயாமல் காண்கிறேன். விழுங்குவதுதான் மருந்து, ஊசியாகப் போடுவதுதான் மருந்து என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. முட்டு, அதாவது ஆஸ்துமா போன்ற மூச்சிழுப்பு, வந்தால் வாயில் வைத்து இழுக்கும் பம்பும், கண்ணுக்கு விடும் துளியும், கைதடி சித்த ஆஸ்பத்திரியில் வாங்கிய சூரணமும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. டொக்டர் கேட்கும்போது அவை வாயில் வருவதுமில்லை. மருந்துக்கு மருந்து ஒத்துவராமல் போவது பெரும்பாலும் இந்த மறதியால்தான்.

அண்மையில் பம்ப் எழுதிக்கொடுக்கப்பட்டவர்களுக்கும், அப்பா அம்மாவின் மருந்துகளைப் பார்த்துக் கொடுக்கும் பிள்ளைகளுக்குமாக இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதை வாசித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பம்பையும் நிறுத்த வேண்டாம், மற்றக் குளிசையையும் நிறுத்த வேண்டாம். சந்தேகம் வந்தால் கேளுங்கள். கேட்பதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பம்பின் பெயர்

“நீலப் பம்ப்”, “மண்ணிறப் பம்ப்” என்று சொன்னால் பாதிதான் விளங்கும். நீலம் பெரும்பாலும் சல்பியூட்டமோல். மூச்சுக்குழாயை உடனே விரித்து முட்டை இறக்குவது அது. மண்ணிறம் பெரும்பாலும் பெக்லோமெதசோன் என்ற ஸ்டீரொயிட். அது உடனே ஆறுதல் தராது, ஒவ்வொரு நாளும் இழுத்து வந்தால் முட்டு வராமல் தடுக்கும். ஆனால் கம்பனி மாறினால் நிறமும் மாறும். ஃபுளூட்டிகசோனும் சல்மெட்டரோலும் சேர்ந்த பம்ப், பியூடெசொனைட்டும் ஃபோர்மோட்டெரோலும் சேர்ந்த பம்ப் என்று இரண்டு மருந்து ஒன்றாக உள்ளவையும் இருக்கின்றன. சிகரெட், சுருட்டு, அடுப்புப் புகையால் நுரையீரல் பழுதானவர்களுக்கு இப்ராட்ரோப்பியம் அல்லது தியோட்ரோப்பியம் கொடுப்பார்கள்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அதைப் பார்த்து எழுதி வையுங்கள். மருந்தை அதன் சொந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்பதற்காக இந்த நாட்டில் பேராசிரியர் சேனக பிபிலே பெரும் போராட்டமே நடத்தினார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது அதன் தொடர்ச்சிதான். அவருடைய வேலையின் பயனை நாம் அனுபவிப்பது இப்படி ஒரு இடத்தில்தான்: பெயர் தெரிந்தால் பருத்தித்துறையில் கேட்டாலும் கொழும்பில் கேட்டாலும் ஒரே மருந்தைத்தான் சொல்கிறோம்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பம்புக்குப் பதிலாகக் கருவியில் போட்டு இழுக்கும் தூள் கப்சியூலும் கொடுப்பார்கள். அதை விழுங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விழுங்கினால் நெஞ்சுக்குள் போக வேண்டிய மருந்து வயிற்றுக்குள் போகும், முட்டு அப்படியே இருக்கும். வீட்டில் வயதானவர்களுக்கு இதை ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

பிறகு, வீட்டில் உள்ள எல்லாவற்றையும் மேசையில் கொட்டுங்கள்

எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்தான். கிளினிக் குளிசைகள், கண் துளி, மூக்குத் துளி, காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சிய அன்டிபயோட்டிக், பூசும் கிறீம், பின்பக்கம் வைக்கும் மருந்து, இருமல் பாணி, கசாயச் சரக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த போத்தல்கள். ஒவ்வொன்றின் பெயரையும், எதற்கு, ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதிய பக்கத்தை போனில் படம் பிடித்து வையுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். தனியார் டொக்டரிடம் போய் வந்தால் மூன்று நான்கு சின்னக் கடுதாசி உறைகளில் குளிசை தருவார்கள். உறையில் காலை, மத்தியானம், இரவு என்று கோடு இருக்கும், மருந்தின் பெயர் இருக்காது. வெள்ளைக் குளிசை ஒன்று, மஞ்சள் ஒன்று, அரைக் குளிசை ஒன்று. அவை என்ன என்று பாமசியில் என்னிடம் கொண்டுவந்து கேட்டால் என்னாலும் சொல்ல முடியாது. ஆகவே அங்கேயே, உறை கைக்கு வரும்போதே, “ஐயா, ஒவ்வொண்டிலயும் பேரை எழுதித் தாங்கோ, நான் முட்டுக்குப் பம்ப் பாவிக்கிறன்” என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதித்தரக் கேட்பது நோயாளியின் உரிமை. கேட்ட இந்த ஒரு வசனத்திலேயே பம்ப் இருப்பதையும் சொல்லிவிட்டீர்கள்.

“லோல்” என்று முடியும் மருந்துகள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். வேறெதுவும் மனதில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

புரொப்ரனலோல், அட்டெனலோல், பிசோப்ரலோல், கார்வெடிலோல், லபெட்டலோல், டிமோலோல். இவை பீட்டா தடுப்பான்கள் என்ற கூட்டம். இருதயத் துடிப்பைக் குறைப்பதற்கும், பிறெசருக்கும், வேறு பலவற்றுக்கும் நல்ல மருந்துகள். ஆனால் சல்பியூட்டமோல் மூச்சுக்குழாயில் எந்தக் கதவைத் திறக்கிறதோ, இவற்றில் சில அதே கதவை அடைத்துப் பூட்டிவிடும். இரண்டு தீங்கு நடக்கும். ஒன்று, ஆஸ்துமா உள்ளவருக்கு அந்த மருந்தே முட்டை வரவழைக்கலாம். இரண்டு, அப்படி வந்த முட்டுக்குப் பம்ப் அடித்தால் பம்பும் சரியாக வேலை செய்யாது.

புரொப்ரனலோல்தான் இதில் அதிகம் பயப்பட வேண்டியது. பிறெசருக்கு என்றால் யாராவது யோசிப்பார்கள். அடிக்கடி வரும் ஒற்றைத் தலையிடிக்கும், கை நடுக்கத்துக்கும், தைரொயிட் கூடி நெஞ்சு படபடப்பதற்கும், மனப் பதற்றத்துக்கும் இதைக் கொடுப்பார்கள். தலையிடிக்கு மருந்து வாங்கப் போகும் பிள்ளை, சின்ன வயதில் தனக்கு முட்டு இருந்ததையோ இப்போதும் பனிக்காலத்தில் பம்ப் இழுப்பதையோ சொல்ல வேண்டும் என்று நினைப்பதில்லை. இன்னும் மோசம், “எனக்கு இந்தக் குளிசை நல்ல சுகம்” என்று பக்கத்து வீட்டு அக்கா கொடுக்கும் ஒரு அட்டை. கொடுப்பவருக்கு முட்டு இல்லை, வாங்குபவருக்கு இருக்கிறது. அதுதான் வித்தியாசம்.

டிமோலோல் கண் துளி. கண்ணில் பிறெசர் கூடியிருக்கும் குளுக்கோமா நோயாளிகளுக்குக் கொடுப்பது. கண்ணுக்கு விடுவது கண்ணோடு நிற்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். கண்ணின் மூலையில் இருந்து மூக்குக்கு ஒரு சிறு குழாய் போகிறது. துளி அதன் வழியே மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து நேரே இரத்தத்தில் சேரும். ஒரு துளிதானே என்று விட முடியாது. ஆஸ்துமா உள்ளவருக்குப் பாரதூரமான முட்டைக் கொண்டுவர அது போதும். கண் கிளினிக் வேறு, நெஞ்சுக் கிளினிக் வேறு, கொப்பியும் வேறு என்பதால் இந்த இரண்டு மருந்தும் ஒரே ஆளிடம் சேர்வதை ஒருவரும் காணாமல் போகலாம். கண் டொக்டரிடம் சொன்னால் வேறு வகைத் துளி தருவார், அப்படியான துளிகள் இருக்கின்றன. சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

அட்டெனலோலும் பிசோப்ரலோலும் இருதயத்தைப் பார்த்தே அதிகம் வேலை செய்வதால் ஆபத்து குறைவு. மாரடைப்பு வந்தவருக்கும் இருதயம் பலவீனமானவருக்கும் பயனைக் கணக்கிட்டு டொக்டர்களே தெரிந்து கொடுப்பதுண்டு. ஆகவே கொப்பியில் “லோல்” ஒன்றைக் கண்டதும் பயந்து நிறுத்திவிடாதீர்கள். பீட்டா தடுப்பானைத் திடீரென்று நிறுத்தினால் இருதயத்துக்கே ஆபத்து வரலாம். கொப்பியோடு போய்க் கேளுங்கள்: “இதை எழுதினவருக்கு நான் பம்ப் பாவிக்கிறது தெரியுமோ?”

நோவுக்குப் போடும் குளிசை

நாரி நோ, முழங்கால் நோ, பல்வலி, மாதவிடாய் வயிற்றுவலி என்று எல்லாவற்றுக்கும் பாமசியில் கேட்டு வாங்குவது டைக்ளோஃபெனக், ஐபியூபுரோஃபென், மெஃபெனமிக் அசிட் போன்றவை. அஸ்பிரினும் இதே குடும்பம். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஏறத்தாழ 7 வீதம் பேருக்கு இந்தக் குடும்பமே ஒத்துக்கொள்ளாது. குளிசை போட்டு அரை மணியிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குள் மூக்கு அடைத்து, கண் சிவந்து, கடும் முட்டு வரும். மூக்கில் சதை வளர்ந்திருப்பவர்களுக்கும், எப்போதும் மூக்கடைப்போடு மணம் தெரியாமல் இருப்பவர்களுக்கும் இது வருவதற்கான சாத்தியம் இன்னும் கூட. இருபது வயதில் ஒன்றும் செய்யாத குளிசை நாற்பது வயதில் செய்யலாம் என்பதையும் கவனியுங்கள்.

முட்டு நோய் வந்த பிறகும் இந்தக் குளிசைகளைப் பலமுறை போட்டு ஒன்றும் ஆகாதவர்கள் வீணாகப் பயப்படத் தேவையில்லை. இதுவரை போட்டே இராதவர்கள், போட்டபோது மூச்சு இறுகியதாக நினைவிருப்பவர்கள், மூக்குச் சதை உள்ளவர்கள் கேட்காமல் போடக்கூடாது. பரசிட்டமோல், அளவோடு எடுத்தால், இவர்களில் அநேகருக்குப் பிரச்சினை தராது. இருதயத்துக்கு டொக்டர் தந்த சின்ன அஸ்பிரினை ஏற்கெனவே ஒழுங்காகப் போட்டு வருபவர்கள் அதை நிறுத்த வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது: வெளிநாட்டுப் பொதி. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் உறவுகள் சொக்லேட்டோடு குளிசைப் போத்தலும் கொண்டுவருவார்கள். “கனடாக் குளிசை, நல்லாக் கேக்கும் மாமி” என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். அட்வில் என்றால் ஐபியூபுரோஃபென். அலீவ் என்றால் நப்ரொக்சென், அதுவும் அதே குடும்பம். டைலினோல் என்றால் பரசிட்டமோல். அங்கே போத்தலில் அசிட்டமினோஃபென் என்று எழுதியிருக்கும், நம் பனடோலில் இருப்பதும் அதுதான். ஆகவே இரண்டையும் ஒரேநேரம் போட்டால் அளவு இரட்டிப்பாகி ஈரலைப் பாதிக்கலாம். தடிமனுக்கான கலப்புக் குளிசைகளில் ஐபியூபுரோஃபெனோடு மூக்கடைப்பு மருந்து சூடோஎஃபெட்ரினும் இருக்கலாம். அது நெஞ்சுப் படபடப்பைக் கூட்டும், பம்பும் அதையே செய்யும். அன்போடு வந்த பொதியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. திறப்பதற்கு முன் போத்தலைப் பாமசிக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்.

மாரி மழையோடு டெங்கு வரும் மாதங்களில் இன்னும் கவனம். காய்ச்சலுக்கு டைக்ளோஃபெனக், ஐபியூபுரோஃபென், மெஃபெனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் கூடாது. டெங்கு என்றால் இரத்தக்கசிவைக் கூட்டும், முட்டுக்காரருக்கு மேலே சொன்ன ஆபத்தும் சேரும். பிள்ளைக்குப் பின்பக்கம் வைக்கும் காய்ச்சல் மருந்தும் டைக்ளோஃபெனக்காக இருக்கலாம். பரசிட்டமோல் மட்டும் கொடுத்து, காய்ச்சல் தொடர்ந்தால் இரத்தம் சோதிக்கக் கூட்டிப்போங்கள். பம்பை வழமைபோல் தொடர்ந்து, அது என்ன பம்ப் என்று வாட்டில் சொல்லுங்கள்.

தியோஃபிலின் குளிசையும் சுருட்டும்

பம்போடு சிலருக்கு இரவில் போடத் தியோஃபிலின் குளிசையும் கொடுப்பார்கள். பழைய மருந்து, பலருக்குப் பலன் தருவது. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அளவு கூடினால் ஓங்காளம், சத்தி, கைப் பதறல், நெஞ்சு அடித்துக்கொள்ளல், நித்திரையின்மை. மிகக் கூடினால் வலிப்பு. மெல்லக் கரையும் வகைக் குளிசையை நொறுக்கியோ சப்பியோ சாப்பிடவும் கூடாது. முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

இதன் அளவை உடலுக்குள் ஏற்றிவிடும் மருந்துகள் நாம் அடிக்கடி வாங்குபவைதான். சலத்தில் கிருமிக்கும் வயிற்றோட்டத்துக்கும் தரும் சிப்ரோஃப்ளொக்சசின், நோர்ஃப்ளொக்சசின். தொண்டைநோ, பல் வீக்கத்துக்குத் தரும் எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின். வயிற்றெரிவுக்கு முன்பு அதிகம் கொடுத்த சிமெட்டிடின். மிஞ்சிக் கிடந்த அன்டிபயோட்டிக்கை எடுத்துப் போடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிட்டொயினும் கார்பமசெப்பினும் எதிர்ப்பக்கம்: தியோஃபிலினைச் சீக்கிரம் கரைத்து வெளியே தள்ளி, பலனைக் குறைத்துவிடும்.

இப்போது சுருட்டு. புகையிலை விளையும் ஊர் எங்களது. சுருட்டுப் பிடித்தே வயதான அப்பாமார் இன்னும் இருக்கிறார்கள். புகையில் உள்ள சில பொருட்கள் ஈரலை முடுக்கிவிட்டுத் தியோஃபிலினை வேகமாக அழிக்கச் செய்யும். அதனால் புகைப்பவருக்கு டொக்டர் கூடுதலான அளவு கொடுக்க வேண்டியிருக்கும். அவர் ஒருநாள் சுருட்டை நிறுத்துகிறார். நல்ல காரியம், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஈரல் சில நாட்களில் பழைய வேகத்துக்குத் திரும்பும். குளிசையோ அதே அளவு. இரத்தத்தில் மருந்து ஏறத் தொடங்கும். ஒரு கிழமையில் சத்தியும் பதறலும் வந்தால், “சுருட்டை விட்டதாலதான் உடம்பு ஏலாமப் போச்சு” என்று முடிவு கட்டி, ஐயா திரும்பவும் பத்த வைத்துவிடுவார். எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது இதுதான். நெஞ்சு நோயாளி செய்யக்கூடிய ஆகச் சிறந்த காரியத்தை, கேட்காமல் விட்ட ஒரு கேள்வி கெடுத்துவிடுகிறது. புகையை நிறுத்த நினைத்தால் நிறுத்துவதற்கு முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள், அளவைக் குறைத்துத் தருவார்கள். பாதிப்பு வருவது புகையால், நிக்கொட்டினால் அல்ல. ஆகவே புகையை விட்டு நிக்கொட்டின் சூயிங்கத்துக்கு மாறினாலும் இதே கவனம் வேண்டும்.

தேத்தண்ணி, கோப்பி பற்றியும் கேட்பீர்கள். பம்ப் மட்டும் பாவிப்பவர் வழமையான பிளேன்ரீயை விட வேண்டியதில்லை. தியோஃபிலின் எடுப்பவர் கடும் கோப்பியைக் குறைப்பது நல்லது, இரண்டும் ஒரே வகைப் பொருள் என்பதால் படபடப்பும் நித்திரைக் குழப்பமும் கூடும்.

ஸ்டீரொயிட் பம்பும் படர்தாமரைக் குளிசையும்

இழுக்கும் ஸ்டீரொயிட் நெஞ்சோடு நின்று வேலை செய்யும், இரத்தத்தில் சேரும் கொஞ்சத்தை ஈரல் அழித்துவிடும். அதனால்தான் நீண்டகாலம் பாவிக்க முடிகிறது. அழிக்கும் அந்த வழியைச் சில மருந்துகள் அடைத்துவிடும். படர்தாமரைக்கு வாரக்கணக்கில் போடும் இட்ராகொனசோல், முன்பு சொன்ன அன்டிபயோட்டிக் கிளரித்ரோமைசின், எச்.ஐ.வி. மருந்துகளில் சேரும் ரிட்டொனவிர் ஆகியவை முக்கியமானவை. அப்போது ஃபுளூட்டிகசோன், பியூடெசொனைட் போன்றவை உடம்பில் தேங்கி, முகம் வீங்கி, சீனி ஏறி, உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீரொயிட்டும் நின்றுபோகலாம். சல்மெட்டரோல் கலந்த பம்ப் என்றால் இருதயத் துடிப்பின் ஒழுங்கும் குழம்பலாம். பெக்லோமெதசோனில் இந்தத் தொல்லை குறைவு. வெக்கையில் படர்தாமரை இங்கே சாதாரணமாக வருவதால் இதைச் சொல்கிறேன். தோல் டொக்டரிடம் பம்பின் பெயரைச் சொன்னால் வேறு மருந்தைத் தெரிவு செய்வார்.

ஸ்டீரொயிட் பம்பை இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், வாயில் வெண்படை வருவது குறையும்.

பொட்டாசியம் குறைவது

சல்பியூட்டமோலை அதிகம் பாவித்தால் இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும். தியோஃபிலினும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசையும் அதையே செய்யும். கால் வீக்கத்துக்கும் பிறெசருக்கும் தரும் ஃபுரோசமைட், ஹைட்ரோகுளோரோதையசைட் போன்ற சலம் போகிற குளிசைகளும் அப்படித்தான். எல்லாம் ஒருவரிடம் சேர்ந்தால் கெண்டைக்கால் இழுக்கும், உடம்பு சோரும், நெஞ்சுத் துடிப்பு தவறும். இருதயத்துக்கு டிஜொக்சின் எடுப்பவருக்கு இது மிகவும் ஆபத்து. கிளினிக்கில் இரத்தம் சோதிக்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள்.

இதே வரிசையில் ஒரு கைமருந்தும் இருக்கிறது: அதிமதுரம். இருமலுக்கு இடையிடையே ஒரு துண்டு சப்புவதைச் சொல்லவில்லை. நாள்தோறும் கசாயமாகக் குடித்து வந்தால் அதுவும் பொட்டாசியத்தை இறக்கி, பிறெசரை ஏற்றும். சித்த மருந்து எடுப்பவர்கள் மறைக்காமல் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். இங்கே படித்துப் பட்டம் பெற்ற சித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள், பம்பின் பெயரைச் சொன்னால் விளங்கிக்கொண்டு மருந்து தருவார்கள். ஊமத்தை இலையைப் புகைத்தால் முட்டு இறங்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் இருப்பது நஞ்சு. இப்ராட்ரோப்பியம் இழுப்பவருக்கு அது மேலும் கேடு.

வாய் காய்ந்து, சலம் அடைத்தால்

இப்ராட்ரோப்பியம், தியோட்ரோப்பியம் இழுப்பவர்கள் தும்மலுக்குப் போடும் பிரிட்டோன் (குளோர்ஃபெனிரமின்) குளிசை, நித்திரைக்கும் நரம்பு நோவுக்கும் தரும் அமிட்ரிப்டிலின், வெளிநாட்டு பெனட்ரில் போன்றவற்றைச் சேர்த்துப் போட்டால் வாய் காய்தல், மலச்சிக்கல், கண் மங்கல் வரலாம். புரொஸ்டேட் வீங்கிய வயதான ஆண்களுக்குச் சலம் அடியோடு அடைத்துவிடலாம். அப்படி அடைத்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இருமல் பாணியைப் பற்றியும் ஒரு சொல். சிலவற்றில் சல்பியூட்டமோலோ டெர்பியூட்டலினோ கலந்திருக்கும். பம்பிலும் அதே வகை மருந்து, பாணியிலும் அதே வகை மருந்து என்றால் கை நடுங்கி நெஞ்சு அடிக்கும். சிட்டையை வாசித்து வாங்குங்கள். எனலாப்ரில், கப்டோப்ரில் போன்ற பிறெசர் குளிசை தொடங்கிய பிறகு வரும் வரட்டு இருமல் முட்டு அல்ல. அதற்குப் பம்பைக் கூட்டிப் பயனில்லை, குளிசையை மாற்றித்தரக் கேளுங்கள்.

எங்கெல்லாம் சொல்ல வேண்டும்

பல் பிடுங்கப் போகும்போது, கண் கிளினிக்கில், சத்திரசிகிச்சைக்கு முன் மயக்க மருந்து டொக்டரிடம், எலும்பு முறிந்து போனால் அங்கேயும். பாமசியில் தலையிடிக்கு ஒரு அட்டை வாங்கும்போதுகூட, “நான் முட்டுக்கு பம்ப் இழுக்கிறன், இது ஒத்துவருமோ?” என்று கேளுங்கள். கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்குத் தெரியாவிட்டால் பதிவு பெற்ற மருந்தாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள், அதற்குத்தான் அவர் அங்கே இருக்கிறார்.

பிள்ளைத்தாச்சிகள் பம்பை நிறுத்தக் கூடாது. முட்டு வந்து தாய்க்கு ஒட்சிசன் குறைந்தால் பிள்ளைக்கும் குறையும், அந்த ஆபத்துப் பம்பின் ஆபத்தைவிட எவ்வளவோ பெரிது. ஆனால் கர்ப்பகாலப் பிறெசருக்கு லபெட்டலோல் கொடுக்கும் வழக்கம் இருப்பதால் குடும்பநல மாதுவிடமும் கிளினிக்கிலும் முட்டு இருப்பதைச் சொல்லி, கர்ப்பவதி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கை நிறுத்தப் போடும் மருந்துகளில் காபொப்ரொஸ்ட் என்ற ஒன்று முட்டைக் கிளப்பக்கூடியது. அட்டையில் எழுதியிருந்தால் அந்த அவசரத்திலும் கண்ணில் படும்.

புது மருந்து தொடங்கிய பிறகு

எந்தப் புது மருந்தையும் தொடங்கிய திகதியைக் கொப்பியில் குறியுங்கள். அடுத்த இரண்டு கிழமைக்கு நீலப் பம்பை எத்தனை தரம் அடித்தீர்கள் என்று ஒவ்வொரு நாளும் பக்கத்தில் எழுதுங்கள். முன்பு கிழமைக்கு ஒன்றிரண்டு தரம் தேவைப்பட்டது இப்போது நாளுக்கு நாள் தேவைப்படுகிறது, இரவில் முட்டு எழுப்புகிறது, நடந்தால் நெஞ்சு அடிக்கிறது என்றால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். கொப்பியையும் புது மருந்தையும் பம்பையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

முட்டு கடுமையாக வந்துவிட்டால் மருந்துக்கு மருந்து ஒத்துவருமா என்று யோசிக்கும் நேரம் அது அல்ல. நீலப் பம்பை, ஸ்பேசர் (பம்பில் மாட்டி இழுக்கும் குழாய்) இருந்தால் அதில் வைத்து, டொக்டர் சொல்லித்தந்தபடி ஒவ்வொன்றாக அடியுங்கள். ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், பம்ப் அடித்தும் இறங்காவிட்டால் 1990க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். ஆளை நிமிர்த்தி இருத்துங்கள், படுக்க வைக்காதீர்கள். வரும்வரை பம்பைத் தொடருங்கள். கடைசியாகப் போட்ட குளிசையின் அட்டையையும் கண் துளிப் போத்தலையும் பைக்குள் போட்டு, ஏற்றும்போதே அவர்கள் கையில் கொடுங்கள்.